வழிமொழிய ஒரு கை

ஒக்டோபர் 14
கச்சான் கடலை விதைத்து முடிந்தது. இடுப்பு என்னுடையதாகவே இல்லை. நாளை பிரதேச சபைக் கூட்டம். சேலையை மினுக்கி வைத்திருக்கிறேன்.

ஒக்டோபர் 15
சபையில் ஒரு வேடிக்கை இருக்கிறது. யார் யாரைத் திட்டினாலும் "கௌரவ உறுப்பினர்" என்றுதான் தொடங்க வேண்டும். இன்று சிவனேஸ்வரி அக்கா என்னை அப்படிச் சொன்னார். போன தேர்தல் மேடையில் இதே வாய்தான், "தோட்டக்காட்டில இருந்து வந்ததுகளுக்கு ஏன் சபை?" என்று கேட்டது.

எங்கள் ஐயா எழுபத்தேழுக் கலவரத்தில் மலையகத் தேயிலைத் தோட்டத்திலிருந்து தப்பி வந்து இங்கே காடு வெட்டினார். சிவனேஸ்வரி அக்காவின் தகப்பன் யாழ்ப்பாணத்திலிருந்து வந்து, குளத்துத் தண்ணீர் பாயும் வயலாகப் பார்த்துக் குடியேறினார். இரண்டு பேரும் வந்தவர்கள்தான், வந்த திசைதான் வேறு. அதற்குள் அவருக்கு என்ன எடுப்பு!

அக்கா அரிக்கன் லாம்புச் சின்னக் கட்சி. தவிசாளரும் லாம்பு. நான் சுளகுச் சின்னம். எந்தக் கட்சிக்கும் பெரும்பான்மை இல்லாமல், தவிசாளரைத் திருவுளச் சீட்டுப் போட்டுத்தான் எடுத்தார்கள். என் கதிரை வட்டாரத்தில் வென்றதில்லை, பட்டியலில் கிடைத்தது, கட்சி பார்த்துக் கொடுத்தது. கொடுத்தவர்கள் திருப்பி எடுக்கலாம் என்பதை எங்கள் அமைப்பாளர் குகதாசன் மாதம் தவறாமல் ஞாபகப்படுத்துவார்.

நவம்பர் 22
மழை. குளம் வான் பாய்கிறது. வழிகிற தண்ணீரெல்லாம் எங்கள் பாதையைக் குறுக்கே வெட்டிக்கொண்டு ஓடுகிறது. ஊர் தனித்தீவு. வருசா வருசம் இதே கூத்து.

நவம்பர் 24
பக்கத்து வீட்டு மீனம்மா அக்கா போயிட்டா.

நவம்பர் 25
நேற்று எழுத முடியவில்லை.

விடிய நெஞ்சு நோ என்றார். எங்கள் குசினிக்குள் கிடந்த பிளாஸ்டிக் கதிரையில் இருத்தி, நாலு பேர் தலைக்கு மேல் தூக்கினார்கள். முன்னுக்கு என் மனிசன் ரூபன். தண்ணீர் அவருக்கு நெஞ்சு மட்டம். அக்கரையில் அம்புலன்ஸ் லைற் சுத்திச் சுத்தி எரியுது. அங்க நிக்குது, கண்ணுக்கு முன்னால நிக்குது! இவங்கள் கரையேறேக்க அவவின்ர தலை சரிஞ்சிட்டுது.

அந்தத் தண்ணீருக்கு மேலால் ஒரு மதகு, ஒரு சின்னப் பாலம். அவ்வளவுதான். ஒரு மதகு இருந்திருந்தால் அந்த வாகனம் வீட்டு வாசலுக்கு வந்திருக்கும்.

கதிரையை ரூபன் கழுவிக் கொண்டுவந்து வைத்திருக்கிறார். அதில் யாரும் இருக்கவில்லை.

நவம்பர் 26
செத்தவீடு, எங்கள் பக்கத்தில்தான். சிவனேஸ்வரி அக்கா அக்கரையில் குடையோடு நின்றதாக ரூபன் சொன்னார். கடக்க முடியாமல் கனநேரம் நின்றுவிட்டுத் திரும்பிப் போனாராம்.

டிசெம்பர் 3
மாங்குளத்தில் கட்சிக் கூட்டம். மதகைச் சபையின் வரவுசெலவுப் பாதீட்டில் சேர்க்கச் சொல்லிப் பிரேரணை கொண்டுவரப் போகிறேன் என்றேன். குகதாசன் சிரித்தார்.

"மதகு வந்தா பேர் லாம்புக்குத்தான் போகும், தங்கச்சி. அவங்கட நிர்வாகம் இருக்குமட்டும் எங்கட பக்கத்தால முன்மொழிவும் இல்லை, வழிமொழிவும் இல்லை. பாதீட்டைத் தோக்கடிப்பம். பிறகு நாங்கள் வந்து போடுவம்."

பிறகாம். மீனம்மா அக்காவுக்கு ஏது பிறகு? அங்கேயே கேட்டிருக்க வேண்டும். பேசாமல் தேத்தண்ணியைக் குடித்துவிட்டு வந்தேனே, என்னைச் சொல்ல வேண்டும்.

டிசெம்பர் 9
ரூபன் சொன்னார், கதிரை போகும் என்று. போகட்டும் என்றேன்.

டிசெம்பர் 10
எழும்பி நின்று பிரேரணையை வாசித்தேன்.

தவிசாளர் கேட்டார், வழிமொழிய யார் என்று. வழிமொழிய ஒருவர் இல்லாவிட்டால் பிரேரணை அந்த இடத்திலேயே செத்துவிடும், அதுதான் சட்டம். நான் என் வரிசையைப் பார்த்தேன். ஒருவர் மின்விசிறியைப் பார்க்கிறார், ஒருவர் செருப்பைப் பார்க்கிறார். மீனம்மா அக்காவின் எட்டாம் நாளுக்கு வந்து என் கையைப் பிடித்து அழுதவர் போனைத் தடவுகிறார். தவிசாளர் இரண்டாந்தரம் கேட்டார்.

எதிர்வரிசையிலிருந்து ஒரு கை.

"வழிமொழிகிறேன்." சிவனேஸ்வரி அக்கா.

கூட்டம் முடிந்ததும் மறித்துக் கேட்டேன், ஏன் என்று. நன்றி சொல்ல வாய் வரவில்லை.

"உங்களில பாசம் வந்து நான் கை தூக்கேல்லை, ராஜினி. என்ர வயலில பாதி உங்கட பக்கம் கிடக்கு. வெட்டு மெசினைக் கொண்டுபோக ஊரைச் சுத்த வேண்டிக் கிடக்கு." ஸ்கூட்டிச் சாவியைத் தேடிக்கொண்டே, "செத்தவீட்டண்டைக்கு நானும் கரையில நிண்டனான்," என்றார்.

"மேடையில என்னைச் சொன்னது?"

"மேடையில சொன்னது மேடைக்கு."

"எனக்கு அது வீட்டுக்கும் வந்தது, அக்கா."

அவர் ஹெல்மெற்றை மாட்டினார். ஸ்கூட்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

டிசெம்பர் 12
பேப்பர்க்காரப் பெடியன் போன் பண்ணி, கட்சி பேதம் மறந்த ஒற்றுமை என்று போடட்டுமா என்று கேட்டான். என்ன ஒற்றுமை? ஒன்றையும் நான் மறக்கவில்லை. தனியே அவருக்கும் ஆள் காணாது, எனக்கும் காணாது. ஒரு கையால் தட்டினால் சத்தம் வராது என்று அவருக்கும் தெரியும். அதற்கு மேல் அந்த அரை வார்த்தை, கரையில் நின்றது. அது எந்தக் கணக்கில் சேரும் என்று எனக்குத் தெரியவில்லை. போடாதே என்று சொல்லிவிட்டேன்.

டிசெம்பர் 18
பாதீட்டு வாக்கெடுப்பு. சபை ஏற்றபடி மதகு உள்ளே இருக்கிறது. கட்சியின் கட்டளையும் என் போனுக்குள் இருக்கிறது: எதிர்.

பெயர் சொல்லிக் கூப்பிட்டார்கள். பார்வையாளர் வரிசையில் குகதாசன் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். நானும் அவரையே பார்த்துக்கொண்டு சொன்னேன்:

"ஆதரவு."

ஒரு வாக்கால் நிறைவேறியது. அது என் வாக்கு. யார் என்ன சொன்னாலும் அது என் வாக்கு.

ஜனவரி 6
விளக்கம் கேட்டுக் கட்சியிலிருந்து கடிதம். பதில் எழுதினேன்: "சுளகின் வேலை மணியை வைத்துக்கொண்டு பதரைத் தள்ளுவது. அதைத்தான் செய்தேன்." ரூபன் வாசித்துவிட்டுத் தலையில் கை வைத்தார். பிறகு தானே கொண்டுபோய்த் தபாலில் போட்டார்.

பெப்ரவரி 20
கட்சியால் நீக்கம். சபை உறுப்புரிமையும் போச்சு. என் இடத்துக்குக் குகதாசனே வருகிறாராம். வட்டாரத்தில் தோற்றவருக்குக் கடைசியில் கதிரை கிடைத்துவிட்டது.

அழவில்லை என்று எழுதினால் பொய். குசினிக்குள் போய் அழுதேன். அவங்கள் காணேல்ல, அது போதும்.

மார்ச் 16
பெக்கோ வந்துவிட்டது. மண் கிண்டுகிற சத்தம் வீட்டுக்குக் கேட்கிறது. கச்சான் அவித்துக் கொண்டுபோய் வேலைக்காரர்களுக்குக் கொடுத்தேன்.

ஜூன் 27
நாளைக்கு மதகு திறப்பு. ரிபன் கட்டியிருக்கிறார்கள். எனக்கு அழைப்பு இல்லை. பின்னேரம் மாடுகளை அவிழ்த்து, ரிபனைத் தூக்கிப் பிடித்து, அதற்குக் கீழால் அக்கரைக்குச் சாய்த்துப் போய்த் திரும்பி வந்தேன். சிவப்பி நடுமதகில் சாணியும் போட்டது. அள்ளவில்லை.

ஓகஸ்ட் 9
கொடும் வெயில். கிணறுகள் அடி தெரிகின்றன. பின்னேரம் மோட்டார் சைக்கிள் சத்தம், பார்த்தால் குகதாசன்.

முற்றத்தில் கிடந்த கதிரையைத் தானே இழுத்துப்போட்டு இருந்தார். மீனம்மா அக்காவைத் தூக்கிய கதிரை. ரூபன் என்னைப் பார்த்தார். நான் தண்ணீர் கொடுத்தேன்.

தண்ணீரைக் குடித்துக்கொண்டுதான் கதையைத் தொடங்கினார். அவருடைய ஊரில் குடிக்கத் தண்ணீர் இல்லை. சபை பவுசர் லொறியில் தண்ணீர் அனுப்ப வேண்டுமென்று, போன மாதக் கூட்டத்தில் பிரேரணை கொண்டுவந்தாராம். வழிமொழிய ஆளில்லை. செத்துப்போச்சு.

"உங்கட வரிசையில ஒருத்தரும் இல்லையோ, அண்ணை?"

தலையைக் குனிந்தார். "கட்சிக் கட்டளை இன்னும் மாறேல்லை. ராஜினிக்கு நடந்தது தங்களுக்கும் நடக்கும் எண்டு பயப்பிடுகினம்."

எனக்குச் சிரிப்பு வந்தது. அவருடைய ஊர்ப் பிள்ளைகளை நினைக்க அடங்கிவிட்டது.

"சிவனேஸ்வரி அக்கா கை தூக்கினா மற்றவையும் தூக்குவினம்," என்றார். "நீங்கள் ஒருக்கா அவாவோட கதைச்சுப் பாருங்கோவன், தங்கச்சி."

"நீங்கள்தானே உறுப்பினர். நீங்களே நேர போய்க் கேளுங்கோ. மதகு இருக்கு, இப்ப பாதை நல்லம்."

அவர் எழும்பிக் கதிரையைச் சுவரோரம் ஒதுக்கி வைத்துவிட்டுப் புறப்பட்டார். மோட்டார் சைக்கிள் மதகில் ஏறி, அக்கரையில் சிவனேஸ்வரி அக்கா வீட்டுப் பக்கம் திரும்புகிற சத்தம் கேட்டது.