ஸ்டெல்லா ஏன் பேசவில்லை

ஞாயிறு, இரவு.

சாயங்காலம் பட்டினப்பாக்கத்துக்கு மீன் வாங்கப் போனேன். ஒரு கடையில் சங்கரா மீன் வெட்டிக்கொண்டிருந்த பெண் நிமிர்ந்து பார்த்து, "மிஸ்!" என்றாள். எனக்கு யாரென்று தெரியவில்லை. "நாந்தான் மிஸ், ஸ்டெல்லா. உங்க ஆன்லைன் இங்கிலீஷ் கிளாஸ்" என்றாள்.

ஸ்டெல்லாவை எனக்குப் பெயராக மட்டும்தான் தெரியும். நாற்பது பேர் வகுப்பில் கேமராவும் மைக்கும் எப்போதும் அணைந்தே இருக்கும் பெயர். வாய் திறக்காதவர்களுக்குத் தானாகப் போகும் எச்சரிக்கை அவளுக்கு நாலு முறை போயிருக்கிறது. இன்னொன்று போனால் சான்றிதழ் கிடையாது.

"ஏன்மா பேசவே மாட்டேங்கிற?" என்று கேட்டேன்.

"கிளாஸ் டைம்ல இங்கதான் மிஸ் கீறேன். காதுல மாட்டிக்கினு கேப்பேன். மொத வாரம் ஒரு தபா மைக் போட்டேன். மீன் வெட்ற சத்தம் கேட்டு எல்லாரும் சிரிச்சாங்க. யாரோ மியூட் பண்ணிட்டாங்க. அத்தோட உட்டுட்டேன்."

கோபமாகச் சொல்லவில்லை. சொல்லிக்கொண்டே செதிலைச் சுரண்டினாள்.

எப்போது ஓய்வு என்று கேட்டேன். மதியம் ரெண்டு மணிக்கு மேல் என்றாள். நாளை ரெண்டரைக்கு நானே ஃபோன் செய்கிறேன், பத்து நிமிஷம் இங்கிலீஷில் பேசு, வகுப்பில் பேசியதாகவே பதிந்துகொள்கிறேன் என்றேன். "நெஜமாவா மிஸ்?" என்று ரெண்டு தடவை கேட்டாள்.

அந்த வகுப்பில் மற்றவர்களை மியூட் செய்ய என் ஒருத்தியால்தான் முடியும். அதை அவளிடம் சொல்லவில்லை. தெரிந்தேதான் 'யாரோ' என்றாளோ என்னவோ.