வெள்ளை டீயும் என் வாய்ச்சவடாலும்

ஜூன் 2, திங்கள்

நேற்று குன்னூரில் நான் வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். இருந்தேனா? சங்கரலிங்கம் என்று பெயர் வைத்த நாளிலிருந்து அந்த வழக்கமே இல்லை.

என் மகள் பிரீத்திகா கோயம்புத்தூரில் தன்னுடன் வேலை பார்க்கும் மணிகண்டராஜைக் கட்டிக்கொள்ள விரும்புகிறாள். பையன் தங்கமான பையன். எனக்கும் என் வீட்டுக்காரி தங்கத்தாய்க்கும் மறுப்பில்லை. அவன் அப்பா ராஜபாண்டியனுக்குப் பூர்வீகம் நம் சாத்தூர் பக்கம்தான், இப்போது குன்னூரில் சின்னதாகத் தேயிலைத் தோட்டம். அவர்தான் இன்னும் சரி என்று சொல்லவில்லை. வெடி கம்பெனி வைத்திருக்கிற வீட்டில் பெண் எடுக்க அவருக்கு யோசனை.

பார்த்துப் பேசிவிட்டு வரலாம் என்று போனோம். கண்ணாடிக் கப்பில் ஏதோ கொண்டுவந்து வைத்தார். வைக்கோல் ஊறிய தண்ணீர் நிறம். "வெள்ளை டீ. குடிச்சிருக்கீகளா?" என்று கேட்டார்.

இல்லை என்று சொன்னால் என்ன குறைந்துவிடும்? நான் சொன்னது: "பத்து வருசமா இதுதான் அண்ணாச்சி. காலைல இது இல்லாம எனக்குக் கண்ணே தொறக்காது."

தங்கத்தாய்க்குப் புரையேறியது. பிரீத்திகா ஜன்னலுக்கு வெளியே எதையோ கூர்ந்து பார்த்தாள்.

"அப்ப நல்லதாப் போச்சு" என்றார் அவர். "ஆடி பொறக்கமுன்ன அங்கன வாரேன். கம்பெனியப் பாத்துட்டுத்தான் முடிவு சொல்லணும். உங்க கையாலயே ஒரு டீ போட்டுக் குடுங்க." ஒரு டின்னையும் கையில் கொடுத்துவிட்டார்.

 திரும்பும் வழியில் மேட்டுப்பாளையம் தாண்டியதும் பிரீத்திகா சொன்னாள்: "அப்பா, எனக்காக ஒரே ஒரு உதவி. இனிமே புதுசா எதுவும் சொல்லாதீங்க."

ஜூன் 4, புதன்

டின்னைத் திறந்தேன். டீத்தூள் இல்லை. நுனியில் வெள்ளை ரோமம் படர்ந்த குச்சி குச்சியான மொட்டுகள். அணில் வாலிலிருந்து பிடுங்கியது போல இருக்கிறது.

எனக்குத் தெரிந்த முறையில் போட்டேன். பாலைக் காய்ச்சி, இதை அள்ளிப் போட்டு, இஞ்சி தட்டி, சீனி தாராளமாக. நன்றாகப் பொங்கவிட்டு வடிகட்டினேன். தங்கத்தாய் ஒரு வாய் குடித்துவிட்டு, "இஞ்சிப் பால் நல்லாத்தான் இருக்கு. டீ எங்கன?" என்றாள்.

ஜூன் 5, வியாழன்

கம்பெனியில் வழக்கமான டீ. அச்சங்குளத்தில் எங்கள் கேட்டுக்குள் அடுப்பு கூடாது, தீப்பெட்டி கூடாது, செல்போன்கூடக் கூடாது. பாலம்மாளின் டீக்கடை வெளியே, ரோட்டுக்கு அந்தப் பக்கம். அங்கிருந்து ஓட்டைப் பிளாஸ்க்கில் ஊற்றி, கேட்டில் சோதனை முடிந்து, என் மேஜைக்கு வருவதற்குள் டீ ஆறிவிடுகிறது. இன்றும் ஏசினேன். "கொதிக்கக் கொதிக்கத்தான் ஊத்துனேன் மொதலாளி. நடந்து வரணும்லா?" என்றாள். தினமும் நான் ஏசுவது இதைத்தான். அவள் தினமும் சொல்லும் பதிலும் இதுதான்.

ஜூன் 9, திங்கள்

செல்போனில் படித்தேன். பொய் சொன்னவன் அதற்குப் பாடமும் படிக்க வேண்டியிருக்கிறது, என்ன செய்ய.

இது முதலில் சீனாவில், ஃபூஜியன் மாகாணத்தில் செய்ததாம். ஒரு காலத்தில் ராஜாக்களுக்கு மட்டும்தான் போகுமாம். இலை விரியும் முன்பே மொட்டைக் கிள்ளி, வாடவைத்து, உலர்த்துவார்கள். அவ்வளவுதான். உருட்டுவதில்லை, கசக்குவதில்லை, புளிக்கவைப்பதில்லை. ஒன்றுமே செய்யாததற்குத்தான் இவ்வளவு விலை. வெடியில் அப்படியா? ஒரு சரத்தை எத்தனை கை தொடுகிறது.

நன்மைகள் என்று ஒரு பக்கம் முழுக்கப் போட்டிருந்தது. இதயத்துக்கு நல்லது, பல்லுக்கு நல்லது, தோல் சுருங்காது, தொப்பை கரையும், சர்க்கரை குறையும், முடி கொட்டாது. ஒவ்வொன்றாக நிறுத்தி நிதானமாக வாசித்துக் காட்டினேன். கடைசிச் சமாச்சாரத்தின்போது தங்கத்தாய் என் தலையைப் பார்த்தாள். ரொம்ப நேரம் பார்த்தாள்.

"வாய் கொறையும்னு எங்கனயாவது போட்டிருக்கா?" என்றாள்.

இன்னொரு இடத்தில், மேலே சொன்ன பலவற்றுக்கு இன்னும் சரியான ஆதாரம் இல்லை என்றும் போட்டிருந்தது. அதை நான் சத்தமாக வாசிக்கவில்லை.

ஜூன் 15, ஞாயிறு

பால் வேண்டாம், சீனி வேண்டாம், வெறும் வெந்நீர் போதும் என்று படித்ததால் தளதளவென்று கொதிக்கும் தண்ணீரை எடுத்து ஊற்றினேன். மொட்டுகள் வெந்துபோயின. அவித்த கீரை வாசம். குடித்தால் நாக்கில் கசப்பு, தொண்டையில் துவர்ப்பு.

தண்ணீர் கொதிக்கக் கூடாதாம். எண்பது டிகிரிக்குப் பக்கத்தில் இருக்கணுமாம். எண்பதை எதை வைத்து அளப்பது? காய்ச்சல் பார்க்கும் தெர்மாமீட்டரை எடுத்து விட்டேன். என்னமோ ஒரு எழுத்தைக் காட்டியது. பிறகு எதையுமே காட்டவில்லை.

இனி இந்த வீட்டில் யாருக்கும் காய்ச்சல் வரக்கூடாது.

ஜூன் 22, ஞாயிறு

தண்ணீரை ஆறவைத்து ஊற்றினேன். ரொம்ப ஆறிவிட்டது. குளிக்கிற தண்ணீர் மாதிரி இருந்தது.

ஜூன் 28, சனி

இன்று பக்குவம் கிட்டத்தட்டச் சரி என்றுதான் தோன்றியது. வாயில் வைத்தால் சாம்பார்.

நானாகச் செய்துகொண்ட வேலைதான். எறும்பு வராத இடம் என்று டின்னை மிளகாய்ப்பொடியும் பெருங்காயமும் இருக்கும் அலமாரியில் வைத்தேன். மூடியைச் சரியாக அழுத்தவும் இல்லை. இந்த இலை பக்கத்தில் என்ன இருக்கிறதோ அதன் வாசத்தை வாங்கிக்கொள்ளுமாம். மூன்று தலைமுறையாக விருதுநகர் மிளகாய்க் கமிஷன் கடையில் இருந்தவர்கள் தங்கத்தாய் வீட்டார். அவர்கள் வீட்டுப் பொடியின் காரம் சும்மா விடுமா?

மேலாக இருந்ததைத் தூரக் கொட்டினேன். அடியில் கொஞ்சம் தப்பியிருக்கிறது. அதை ஒரு பாட்டிலில் போட்டு ஆபீஸ் மேஜைக்குக் கொண்டுபோய்விட்டேன். அங்கே காகித வாசம் தவிர வேறு வாசம் கிடையாது. இரண்டு பேர் ஒரு தடவை குடிக்கத்தான் காணும். இனி பழகிப் பார்க்க வழியில்லை.

ஜூலை 3, வியாழன்

பிரீத்திகா போனில் அழுதாள். அவள் அழுது நான் கேட்டதே இல்லை. மணிகண்டராஜிடம் அவன் அப்பா, "வெடி வீடு, மனசு ஒப்ப மாட்டேங்குது" என்றாராம். வந்து பார்த்த பிறகும் அவருக்கு மனசு ஒப்பாவிட்டால் அந்தப் பையன் அவரை எதிர்த்து வரமாட்டானாம். அப்படி வரவேண்டாம் என்று இவளும் சொல்லியிருக்கிறாளாம்.

நான் இங்கே டீயைப் பற்றிக் கவலைப்பட்டுக்கொண்டிருக்கிறேன். என்ன மனுசன் நான்?

ஜூலை 10, வியாழன்

நாளை ராஜபாண்டியன் வருகிறார். ஏற்பாடு இதுதான். ஸ்டேஷனிலிருந்து நேரே வீட்டுக்கு, தங்கத்தாய் சமையல், பிறகு என் டீ. தண்ணீரைக் கொதிக்கவிட்டு எவ்வளவு நேரம் வைத்தால் சரியாக வரும் என்று வெறும் தண்ணீரை வைத்தே பார்த்திருக்கிறேன். பாட்டிலைச் சாயங்காலம் எடுத்துவர மறந்துவிட்டேன். காலையில் போய் எடுத்து வரவேண்டும்.

ஜூலை 11, வெள்ளி

ஏற்பாடு ஸ்டேஷனிலேயே முடிந்துபோனது. வண்டியில் ஏறியதும், "மொதல்ல கம்பெனி. சாப்பாடு பெறகு" என்றார்.

அச்சங்குளம் கேட்டில் அவர் மேல்கோட்டைக் கழற்றச் சொன்னார் போர்மேன் தேவமணி. நைலான் துணி உரசினால் பொறி வரும், உள்ளே கூடாது. போனை வாங்கி வைத்தார். செருப்பைக் கழற்றவைத்து, உடம்பில் ஏறிய மின்சாரம் இறங்கச் செம்புத் தகட்டில் கையை வைக்கச் சொன்னார். நான் வேண்டாம் என்று கண்ணைக் காட்டியும் தேவமணி விடவில்லை. ராஜபாண்டியன் அவர் சொன்னதையெல்லாம் செய்தார். எனக்கு மானம் போகிற மாதிரி இருந்தது. பெண் கொடுக்கப் போகிறவன் சம்பந்தியைத் திருடனைப் போலச் சோதிக்கிறானே என்று நினைத்திருப்பாரோ?

ஆபீசில் உட்கார்ந்தவர், மேஜைமேல் நான் எடுக்காமல் விட்டிருந்த பாட்டிலைப் பார்த்துவிட்டார். "இங்கனயும் வச்சிருக்கீகளா? அப்ப போடுங்க, குடிப்போம்."

அடுப்பு இல்லாத இடத்தில் என்னத்தைப் போட? பாலம்மாளுக்குச் சொல்லி அனுப்பினேன், கொதிக்கிற தண்ணீர் வேண்டும் என்று. அவள் வெயிலில் நடந்து, கேட்டில் நின்று, அந்த ஓட்டைப் பிளாஸ்க்கைக் கொண்டுவந்து வைத்தாள். "கொதிக்கத்தான் வச்சேன் மொதலாளி. ஆறிருச்சு. விருந்தாளி முன்ன ஏசாதீக."

ஏசவில்லை. ஏச எனக்குத் தெம்பில்லை. பாட்டிலில் இருந்ததையெல்லாம் பிளாஸ்க்குக்குள்ளேயே கொட்டி மூடினேன். நடப்பது நடக்கட்டும்.

அப்போது அவர் கேட்டார். "ஒன்னு கேக்கேன், தப்பா நெனைக்காதீக. உங்களுக்குப் பயமா இருக்காதா?"

இதற்கு என்னிடம் பதில் தயாராக இருந்தது. நாற்பது வருசத் தொழில், பயம் நம்மைக் கண்டு பயப்படும் என்று ஒன்று. ரோட்டரி கூட்டத்தில் சொல்லிக் கைத்தட்டு வாங்கியது. வாய்வரை வந்தது. பிரீத்திகா போனில் அழுத சத்தம் ஞாபகம் வந்தது.

"இருக்கும் அண்ணாச்சி" என்றேன். "தெனமும் இருக்கும். காலைல உள்ள வந்த ஆளு அம்புட்டும் சாயங்காலம் கேட்டத் தாண்டிப் போனாத்தான் எனக்குச் சோறு எறங்கும். தூரத்துல எங்கயாவது சத்தம் கேட்டா, நம்ம கம்பெனி இல்லன்னு தெரியறவரைக்கும் ஒரு எடத்துல ஒக்கார மாட்டேன். பக்கத்து ஊர்ல ஒரு தடவ வெடிவிபத்து நடந்தப்போ ஆஸ்பத்திரிக்குப் போனேன். அதுக்குப் பெறகு நாங்க எங்க வீட்ல வெடி வெடிக்கதில்ல. பிரீத்திகா இந்தத் தொழிலுக்கு வரமாட்டேன்னு சொன்னப்போ வெளிய சண்ட போட்டேன். உள்ளுக்குள்ள நல்லதுன்னுதான் இருந்துச்சு."

இதை நான் தங்கத்தாயிடம்கூடச் சொன்னதில்லை. ஏன் அவரிடம் சொன்னேன் என்று இப்போதும் தெரியவில்லை.

 பிளாஸ்க் ஞாபகம் வந்து இரண்டு டம்ளரில் ஊற்றினேன். வெளிறிய மஞ்சள். குன்னூரில் பார்த்த அதே நிறம். பெருங்காயமில்லை, கீரையில்லை. லேசாக ஒரு வாசம். அவர் மோந்து பார்த்து, ஒரு வாய் உறிஞ்சி, கண்ணை மூடினார்.

"நல்லா வந்திருக்கே. தண்ணிப் பக்குவம் அப்பிடியே இருக்கு."

தலையை ஆட்டியிருந்தால் போதும். நான் ஜெயித்திருப்பேன். வாய் சும்மா இருந்ததா?

"அண்ணாச்சி, நான் இதக் குடிக்கிறதே இல்ல. குன்னூர்ல சொன்னது பொய்."

"தெரியும்லா" என்றார். "அன்னைக்குக் கப்ப வாங்குனதும் ஸ்பூனத் தேடிச் சுத்திச் சுத்திப் பாத்தீக. சீனி கேக்கக் கூச்சப்பட்டுக்கிட்டு. எங்க வீட்லயும் பால் டீதான். இது விக்கதுக்கு." இன்னொரு வாய் குடித்தார். "டீயக் குடிக்கவா நான் அங்கன இருந்து வந்தேன்? பயமில்லன்னு நீங்க சொல்லிருந்தா, அடுத்த வண்டியப் பிடிச்சிருப்பேன். பயப்படுத மனுசன் வீட்டுப் பொண்ணு எனக்குப் போதும். ஆவணி பொறக்கட்டும், நிச்சயம் வச்சிருவோம்."

கண்ணில் நீர் வந்துவிட்டது. டீச் சூடு என்றேன். சூடே இல்லாத டீ.

அவர் வெளியே போகும்போது தேவமணியிடம், "சரியாச் சோதிச்சீக" என்று சொல்லிவிட்டுப் போனார்.

ஜூலை 12, சனி

பாலம்மாளுக்குப் புதுப் பிளாஸ்க் வாங்கிக் கொடுத்தேன். நன்றாகச் சூடு நிற்கிறது. அந்தப் பழையதை நான் வாங்கி வைத்துக்கொண்டேன். "அத வச்சு என்ன செய்யப்போறீக மொதலாளி?" என்று கேட்டாள். நல்ல கேள்வி.

ஜூலை 17, வியாழன்

ஆடி ஒன்று. இன்று என் டீ கொதிக்கக் கொதிக்க வந்தது. நாக்கு வெந்துவிட்டது. ஏச வாய் வரவில்லை.

பிப்ரவரி 2, திங்கள்

தை முகூர்த்தத்தில் கல்யாணம் நல்லபடியாக முடிந்தது. பிரீத்திகாவைக் குன்னூரில் விட்டுவிட்டு வந்தாயிற்று. இருவரும் அங்கே வீட்டிலிருந்தபடியே வேலை பார்ப்பார்களாம். மண்டபத்தில் நான் அழவில்லை. அதைப் பார்த்துத் தங்கத்தாய்க்கே ஆச்சரியம். காலையில் பிரீத்திகாவின் அறைக்குப் போய்ச் சும்மா மின்விசிறியைப் போட்டு, சும்மா நிறுத்தினேன். இதையெல்லாம் யாரிடம் சொல்ல?

மார்ச் 4, புதன்

பிரீத்திகா அனுப்பிய டின் போன மாதக் கடைசியில் வந்தது. பாலம்மாளின் பால் டீக்கு நடுவே காலையில் ஒரு வேளை இதைப் போடுகிறேன். அலமாரிப் பக்கம் கொண்டுபோவதில்லை. தொப்பை கரையவில்லை. முடியைப் பற்றி எழுதவே வேண்டாம். குடித்து முடித்த பிறகு தொண்டையில் மெல்லிசாக ஒரு இனிப்பு வருகிறது. அவசரப்பட்டால் வராது.

தெர்மாமீட்டர் வாங்கவில்லை. தண்ணீர் கொதித்ததும் அந்த ஓட்டைப் பிளாஸ்க்கில் ஊற்றிவிட்டு பிரீத்திகாவுக்குப் போன் போடுவேன். என்ன சமையல், குளிர் எப்படி, மாமனார் என்ன சொல்கிறார் என்று பேசி அவள் வைக்கும்போது தண்ணீர் பக்குவமாக இருக்கும்.

இன்று அவளுக்கு ஏதோ மீட்டிங். "நாளைக்குப் பேசுதேம்ப்பா" என்று சீக்கிரமே வைத்துவிட்டாள். பிளாஸ்க்கைத் தொட்டுப் பார்த்தேன். இன்னும் நல்ல சூடு. தங்கத்தாய் தனக்கும் ஒரு டம்ளரை எடுத்துக்கொண்டு வந்து எதிரே உட்கார்ந்தாள். இரண்டு பேரும் அது ஆறட்டும் என்று உட்கார்ந்திருந்தோம்.