ரெண்டு மீனும் ஒரு எலும்பும்

அன்பு மகள் தபீசாவுக்கு,

உன் அப்பா எலிஜாசி சொல்லச் சொல்ல, பக்கத்து வீட்டு ஊலீபிகா எழுதுகிறாள். ஒரு சொல்லையும் மாற்றமாட்டேன் என்று வாக்குக் கொடுத்திருக்கிறாள். நீயும் வயிற்றில் இருப்பதும் நலமா? இந்த மாதக் கடைசியில் பிரசவம் என்று நர்ஸ் சொன்னாள். ஆஸ்பத்திரி ஊரில் வெயில் திரும்பிவிட்டதா? இங்கே குளிர்கால இருட்டெல்லாம் கழிந்து நேற்றுத்தான் மலைக்கு மேல் சூரியன் ஒரு விரல் அளவு தெரிந்தது. நாய்கள் நலம். கறுப்பி மட்டும் சாப்பாட்டில் மூக்கு வைப்பதில்லை.

யோவானசியை உன் அம்மாவுக்குப் பக்கத்தில் வைத்திருக்கிறோம். தரை உறைந்து இறுகிக் கிடப்பதால் கல் அடுக்கித்தான் மூடினோம். உன் புருஷனுக்குக் குறை எதுவும் வைக்கவில்லை.

எனக்கு வீட்டில் இருப்புக் கொள்ளவில்லை. உட்கார்ந்தால் எழுகிறேன், எழுந்தால் விமானத் தளத்துக்குப் போகிறேன், அங்கே நிற்க முடியாமல் திரும்பி வருகிறேன். ஒரு நாளைக்கு நாலு தடவை.

போன வாரம் போனில் நீ விமானி மார்ட்டனைக் கொலைகாரன் என்றாய். இறக்கையில் படிந்த பனியைத் துடைக்காமல் அவசரமாகக் கிளப்பினான் என்று விசாரணைக்காரர்களுக்கு எழுதிக் கொடுக்கப் போகிறேன் என்றாய். போன் இருக்கும் கடை முழுக்க ஆட்கள். நான் வாயே திறக்கவில்லை. தபீசா, அதில் கையெழுத்துப் போடாதே. அவன் துடைத்தான். முதலில் துடைப்பத்தால். பிறகு இறக்கை மேல் கயிற்றைப் போட்டு இப்படியும் அப்படியும் இழுத்து. அவன் மூக்கு நுனி குளிரில் வெளுத்துப் போயிருந்தது.

அவன் துடைத்துக்கொண்டிருந்தபோதுதான் நாங்கள் உனக்கான மூட்டைகளை வால் பக்கம் ஏற்றித் தார்ப்பாய் போட்டோம். தராசு குளிரில் இறுகிவிட்டது, முள் நகரவில்லை. மார்ட்டன் வந்து எடை கேட்டான். யோவானசி என் பக்கம் திரும்பி, "மாமா, எவ்வளவு இருக்கும்னு கேக்குறாரு" என்றான்.

நம்மில் எவன் தன் வேட்டையைத் தானே பெரிதாகச் சொல்வான்? "என்னத்தப் பெருசா, ரெண்டு மீனும் ஒரு எலும்பும்தான்" என்றேன். எல்லோரும் சிரித்தார்கள். உன் சித்தப்பா கொப்பாக், "கெழவன் ரெண்டு மீனுன்னா வலையே கிழிஞ்சிருக்கும்டோய்" என்றான். நம் ஆட்களுக்கு விளங்கும். மார்ட்டன் வந்து ஒரு மாதம்தான் ஆகியிருந்தது. யோவானசிக்கும் விளங்கியது. ஆனால் நாலு பேர் முன்னால் மாமனார் சொன்னதை எந்த மருமகன் திருத்துவான்? கொஞ்சம்தான் என்று அவர்கள் மொழியில் சொன்னான். மார்ட்டன் அட்டையில் குறித்துக்கொண்டான்.

உன்னைப் பார்க்க யோவானசியும் ஏறிக்கொள்ள, விமானம் எழும்பியது. வால் தொங்கியது தொங்கியபடியே இருந்தது. மூக்கு வானத்தைப் பார்த்துக்கொண்டு ஒரு கணம் அப்படியே நின்று, பக்கவாட்டில் சரிந்து கடல் பனிமேல் விழுந்தது. நாங்கள் ஓடிப் போனபோது இரண்டு பேருக்கும் மூச்சு இல்லை.

மூட்டைகளை வெளியே இழுக்க ஆறு பேர் வேண்டியிருந்தது. மூன்று மான், நாற்பத்தோரு மீன். அப்போது கொப்பாக் சிரிக்கவில்லை.

"வாய மூடிக்கிட்டு இருண்ணே. செத்தவங்க எந்திரிச்சு வரப்போறாங்களா? மொதல்ல நம்ம பொண்ணு புள்ளையப் பெத்துக்கட்டும்" என்கிறான். அவன் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. பத்து நாள் மூடிப் பார்த்தேன், முடியவில்லை. மார்ட்டனுக்கும் எங்கேயோ ஓர் அம்மா இருப்பாள். தன் மகன் கொலைகாரன் என்று அவளும் கேட்டுக்கொண்டிருப்பாள். வியாழக்கிழமை விசாரணைக்காரர்கள் வருகிறார்கள், சொல்லப் போகிறேன். இந்தக் கடிதம் செவ்வாய்க்கிழமை விமானத்தில் ஏறுகிறது. அவர்களுக்கு முன்னால் நீ என்னிடமிருந்து கேட்க வேண்டும்.

இறைச்சி கேட்டது நான்தானே என்று உன்னைக் குத்திக்கொள்ளாதே. ஆஸ்பத்திரிச் சாப்பாடு இறங்கவில்லை என்று நீ கேட்டது ஒரு துண்டு. மூன்று மான் அனுப்பியது என் பெருமை. ஒன்றுமில்லை என்று சொன்னதும் என் பெருமைதான்.

குழந்தைக்கு யோவானசியின் பெயரைத்தான் வைப்பாய். அதுதான் முறை; பெயரோடு போனவனும் அவன் உறவும் திரும்பி வரும். ஆணோ பெண்ணோ, அன்றைக்கே அது எனக்கு மருமகன் ஆகிவிடும். நான் அதை மருமகனே என்று கூப்பிட வேண்டும், பேச்சு வந்ததும் அது என்னை மாமா என்று கூப்பிடும். அந்தச் சொல்லை அதன் வாயால் கேட்க எனக்குத் தகுதி இருக்கிறதா என்று நீதான் சொல்ல வேண்டும். இல்லை என்றால் நான் மீன்பிடி முகாமில் போய் இருந்துகொள்கிறேன். நீ குழந்தையோடு வீட்டுக்கு வந்துவிடு, மகளே. சுகமாகப் பெற்றெடு. பிறந்ததும் அது ஊரே கேட்கும்படி அழட்டும்.

உன் அப்பா,
எலிஜாசி

எனக்கு எழுத வராது; கீழே இருக்கும் கோடு மட்டும் கையெழுத்தாக நானே போட்டது.