நடுச்சுவர்க் கிணறு

சேசு மரி சூசை துணை

புதுச்சேரி
4 நவம்பர் 1960

அன்பு மகள் இருதயமேரிக்கு அப்பா எழுதுவது. நான் நடமாட்டத்தோடு இருக்கிறேன். நீயும் மாப்பிள்ளையும் சைகோனில் ஒரு குறையும் இல்லாமல் இருக்கத் தினமும் மாதாவிடம் கேட்டுக்கொள்கிறேன். முந்தாநாள் அம்மா கல்லறைக்குப் போய் மெழுகுவத்தி ஏற்றிவிட்டு வந்தேன். உன் கடிதத்துக்கு இரண்டு மாதமாகப் பதில் போடாததற்குக் காரணம் உண்டு, சொல்கிறேன்.

இந்த வருஷம் முத்திரப்பாளையத்திலிருந்து வரும் தண்ணீர் தெருக்குழாயில் நூல் மாதிரிதான் வந்தது. பெண்களோடு வரிசையில் நிற்க எனக்குக் கூச்சம், அதனால் நம் கிணற்றையே நம்பினேன். பக்கத்து வீட்டுக் கிறிஸ்துதாஸ் எல்லைச் சண்டை போட்டு அந்தக் கிணற்றின் நடுவில் சுவர் எழுப்பியது உனக்கு ஞாபகமிருக்கும், பாதிக் கிணறு அங்கே, பாதி இங்கே. அவர் போய்ச் சேர்ந்த பிறகும் அவர் மனைவி ரோசாவோடு எனக்குப் பேச்சில்லை, ஒன்பது வருஷம். ஆவணியிலும் மழை இல்லாமல் போகவே, விடிந்தால் மூன்று குடம்தான் ஊறியிருக்கும். முதல் நாள் மூன்றையும் நானே சேந்திவிட்டேன். சற்று நேரத்தில் அந்தப் பக்கத்து வாளி காலியாக உறைகளில் மோதிக்கொண்டு மேலே வருகிற சத்தம் கேட்டது. எனக்கு அன்றைக்குச் சோறு இறங்கவில்லை அம்மா. மறுநாள் ரோசா முதலில் சேந்தி முடிக்கட்டும் என்று காத்திருந்தேன். அவரும் எனக்காகக் காத்திருந்தாராம். சுவருக்கு இரண்டு பக்கமும் வாளியோடு நின்றிருக்கிறோம். கடைசியில் அவர்தான் வாய் திறந்தார். “மொதல்ல நீங்க எடுத்துக்குங்க அண்ணே, நான் ஒண்டிக்கட்டை, எனக்கு ஒரு கொடம் போதும்” என்றார். நானும் அப்படித்தான் என்று சொல்ல வந்து, சரி என்று மட்டும் சொன்னேன்.

அப்புறம் தினமும் காலையில் முகம் தெரியாமலே பேசிக்கொண்டோம். உன் கடிதத்தைச் சத்தமாகப் படித்துக் காட்டினேன், உனக்கு இன்னும் தலைவலி வருகிறதா என்று விசாரித்தார். புரட்டாசியில் ஒரு நாள் வாளிச் சத்தமே இல்லை. கூப்பிட்டும் பதில் வராததால் அவர் வீட்டுக்குள் போய்ப் பார்த்தேன், காய்ச்சலில் நினைவில்லாமல் கிடந்தார். ஆசுபத்திரியில் சேர்த்துப் பத்து நாள் கஞ்சி கொண்டுபோனேன். பிழைத்துக்கொண்டார். திருச்சியிலிருந்து மகன் வந்து, இனித் தனியாக விட மாட்டேன் என்று அழைத்துப் போய்விட்டான். அவன் செய்தது நியாயம்தான். புறப்படும்போது அவர் வீட்டுச் சாவியை என்னிடம் கொடுத்து, “சேந்தாம வுடாதீங்க அண்ணே, ஊத்து தூந்துடும்” என்றார்.

ஐப்பசி மழை நன்றாகப் பெய்து கிணறு கைக்கெட்டும் அளவுக்கு நிறைந்திருக்கிறது. இருப்பது ஒரே கிணறு, ஒரு பக்கம் சேந்தினால் போதும் என்று எனக்குத் தெரியாதா. இருந்தாலும் தினமும் நம் பக்கம் சேந்தி முடித்துவிட்டு, தெருவைச் சுற்றிப் போய், அவர் பக்கத்திலும் இரண்டு வாளி சேந்திவிட்டு வருகிறேன்.

அங்கே தண்ணீரைக் காய்ச்சியே குடியுங்கள், மறக்காதே. உனக்கும் மாப்பிள்ளைக்கும் ஆண்டவர் நீண்ட ஆயுசைக் கொடுக்கட்டும்.

இப்படிக்கு
உன் அப்பா
சூசைநாதன்