நித்யாவின் கையும் என் வாயும்

ஆவணி 4, செவ்வாய்

காலையிலேயே மூட்டம். மழை இல்லை, புழுக்கம் மட்டும். தறியில் பழைய பாவு (நீளவாட்டு நூல்) முடிந்தது. செய்ய வேண்டியது: கேஸ் புக் பண்ண, சாயக்காரரைப் பார்க்க, நித்யாவுக்குக் களிம்பு (தீர்ந்துவிட்டது).

முகூர்த்தப் புடவைக்கு நிறம் பார்க்கக் கலசப்பாக்கத்தில் இருந்து கல்யாணப் பெண்ணின் அம்மா, காரில். நூல் துண்டுகள் ஒட்டிய சாம்பிள் அட்டையை என் மகள் நித்யா எடுத்து வந்து நீட்டினாள். எப்போதும் அவள்தான். எனக்கு அரக்கும் மெரூனும் ஒன்றுதான் என்று வீட்டில் கேலி.

அந்த அம்மா அட்டையைப் பார்க்கவில்லை. நித்யாவின் விரல்களில் இருக்கிற வெள்ளைத் திட்டுகளைப் பார்த்தார். "கீழ வெச்சிடும்மா."

நித்யா வைத்துவிட்டு உள்ளே போனாள். அப்புறம் அந்த அம்மா என்னிடம், குரலைத் தாழ்த்தி: "வெண்குஷ்டமாங்க? மொத இழை உங்க பொண்ணுதான் போடும்னு சொன்னாங்க. நல்ல காரியம் பாருங்க... வேற யாரனா வெச்சிப் போடுங்களேன்."

குஷ்டமாம்! என் வீட்டு நாற்காலி, என் வீட்டுக் காபி, அதைக் குடித்துக்கொண்டே.

நான் என்ன சொன்னேன்? "பாக்கலாங்க." சிரித்துவேறு தொலைத்தேன். அவர் கார் சேவூர் தாண்டியிருக்கும், அப்போதுதான் கோபம் வந்தது. என் கோபம் டவுன் பஸ். எல்லாரும் ஷேர் ஆட்டோ பிடித்துப் போன பிறகு வரும்.

முகூர்த்தப் புடவைக்கு குறுக்கே ஓடும் முதல் ஊடை இழையை வீட்டுப் பெண் போட வேண்டும், எங்கள் வழக்கம். முன்பு என் தங்கை. இப்போது நித்யா. வெள்ளிக்கிழமை புதுப் பாவு. அவளைத் தவிர எவளும் தறியில் உட்காரக் கூடாது. உட்காரவும் விட மாட்டேன்.

(மேலே உள்ள வரியை என் மனைவி மல்லிகாவிடம் சத்தமாகச் சொல்லவில்லை. அவள் ஏற்கெனவே பக்கத்து வீட்டுப் பெண்ணைக் கேட்டு வைத்திருக்கிறாள். "ஆர்டர் போயிடும், பேஜார் பண்ணாத" என்கிறாள்.)

ஆவணி 5, புதன்

தூறல். கேஸ் புக் பண்ணியாச்சு. களிம்பு மறந்தேன்.

நித்யா மைக்ரோபயாலஜி இரண்டாம் வருஷம். சாப்பிடும்போது கேட்டேன், இது ஏன் வருகிறது, எனக்குப் புரிகிற மாதிரி சொல்லு. நான் பத்தாவது, அதுவும் இரண்டாம் தடவையில்.

சொன்னதில் எனக்கு நின்றது: உடம்பின் காவல் படை எதை அடையாளம் பார்க்கிறதோ அது ஆன்டிஜென். வெளியில் இருந்து வருவது உண்டு: கிருமி, மகரந்தம். செல்லுக்குள்ளேயே உண்டாவது உண்டு: வைரஸ் புகுந்து செய்கிற சரக்கு. நம் உடம்பின் சொந்தச் சரக்கையே எதிரி என்று எடுத்துக்கொள்வதும் உண்டு. அது மூன்றாவது. நம் கேஸ் அதுதான்.

அந்தச் சரக்கை முழுசாகக் காட்டுவதில்லை. செல் அதைத் துண்டு துண்டாக வெட்டி, ஒரு துண்டைத் தாங்கியில் வைத்து வெளியே நீட்டும். காவல் படையில் ஒருவனான 'டி' செல் வந்து தடவிப் பார்க்கும்.

"நம்ம சாம்பிள் அட்ட மாதிரியா?"

"அதேதாம்பா. அதுல ரெண்டு வகை. மொத வகை தாங்கி கிட்டத்தட்ட எல்லா செல்லுலயும் இருக்கும், உள்ள இருக்கற சரக்கக் காட்டும். ரெண்டாவது வெளிய இருந்து முழுங்கினதக் காட்டும். அது காவல் செல்லுங்களுக்குத்தான். என் தோல்ல நிறம் செய்யற செல்லு, மொத வகைல தன் சொந்தத் துண்ட நீட்டுது. டி செல்லு அத வேத்து ஆள்னு கொன்னுடுது."

என்ன அக்கிரமம்! பிறந்ததில் இருந்து கூடவே இருக்கிறவனைப் பார்த்து யார் நீ என்று கேட்கிறதாம். கலசப்பாக்கத்து அம்மாவாவது நேற்றுத்தான் பார்த்தார்.

கிருமியே இல்லை. பிறகு எப்படி ஒட்டும்? நாளைக்கு ஊருக்கே சொல்கிறேன்.

ஆவணி 6, வியாழன்

வெயில். டீக்கடையில் நாலு பேருக்கு விளக்கினேன். நித்யாவின் கை எப்படி இருக்கும் என்று போனில் படமும் காட்டினேன். கடைக்காரன், "ரெண்டாம் வகைன்னா மாமா, ரெண்டாந்தரம் எழுதி பாஸ் பண்ணதா?" எல்லாரும் சிரித்தார்கள். சிரிக்கட்டும். சாயக்காரரிடம், மருந்துக்கடையில், பஸ் ஸ்டாண்டில் ஒரு கண்டக்டரிடம்கூட. களிம்பு வாங்கினேன். வீரன் மாதிரி வீடு வந்தேன்.

சாயங்காலம் நித்யா பையை வீசினாள். காலேஜ் பஸ்ஸில் யாரோ கேட்டார்களாம், "உங்கப்பா காட்டினாரே, அந்தக் கையா?"

"அந்தம்மா ஒருத்தங்க பாத்தாங்க. நீ ஊருக்கே காட்டிகினு வர! என்ன வெட்டி ஒரு துண்ட அட்டைல ஒட்டி நீட்டற. நான் கேட்டனா?"

"ஒட்டாதுன்னு சொல்லத்தாம்மா..."

"என் கை. நான் சொல்லிக்கறேன்."

இரண்டு நாளாக யார்மேல் கோபப்பட்டேன்? அந்த அம்மாமேல், டி செல்மேல். அட்டையைத் தூக்கிக்கொண்டு அலைந்தவன் நான். படத்தை அழித்தேன். மல்லிகா தோசை வைத்தாள், நித்யா தட்டை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள்.

ஆவணி 7, வெள்ளி

மூட்டம். பாவு ஏற்றியாச்சு. சொன்ன நேரத்துக்கு முன்பே அந்த அம்மா வந்துவிட்டார். பக்கத்து வீட்டுப் பெண் பூ வைத்துக்கொண்டு வாசலில். மல்லிகா என் முகத்தைப் பார்க்கிறாள். எனக்குள் ஒரு முழுச் சொற்பொழிவு தயார், வகைகளோடு.

நித்யா தலை குளித்து வந்தாள். என்னை ஒரு பார்வை. வாயை மூடினேன்.

"இது வெண்புள்ளிங்க. ஒட்டாது. எங்க வீட்ல மொத இழை நான்தான் போடுவேன். வேணாம்னா இப்பவே சொல்லுங்க, இந்தப் பாவ வேற பொடவைக்கு வெச்சிக்கறோம்."

அந்த அம்மா என்னைப் பார்த்தார். நான் ஃபேனைப் பார்த்தேன். பல்லைக் கடித்துக்கொண்டு பார்த்தேன். அவர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.  நித்யா தறிக்குழியில் இறங்கி உட்கார்ந்து, ஊடை நூல் சுற்றிய நாடாவை விட்டாள். ஒரு தட்டு.

அந்த அம்மா குனிந்தார்.

"ஏம்மா, இது மாம்பழ மஞ்சளா, எலுமிச்சயா?"

நித்யாவைத்தான் கேட்டார். என்னைக் கேட்டிருந்தாலும் எனக்குத் தெரியாது.