நடுத்தர வெயில்

மே 19
கருப்பசாமி அண்ணனை மயங்கி விழ வைத்தது எங்கள் அலுவலகம்தான்.

நேற்று மதியம், சரக்கு யார்டில் மூட்டை ஏற்றும்போது. 44 டிகிரி. நாங்கள் செய்து கொடுத்த வெப்ப மாடல் 'அபாயம்' என்று காட்டினால்தான் அங்கே வேலையை நிறுத்துவார்கள். அது 'நடுத்தரம்' என்று காட்டியது.

தலைநகரில், துவாரகாவில் எங்கள் வீட்டுக்குக் கீழ்வீடு அவருடையது. பார்க்கப் போனேன். அவர் மனைவி கவிதா அக்கா கதவைத் திறந்ததும் கேட்டாள்: "ஏன் அபிராமி, ஒங்க கம்ப்யூட்டருக்கு வேர்க்கவே வேர்க்காதா?"

படுத்திருந்த அண்ணன், "விடு கவிதா, அது ஏசியில இருக்குல்ல" என்றார்.

மே 20
மாடலைத் திறந்தேன். பேயசியன் வலைப்பின்னல், நிகழ்தகவை வைத்து ஆபத்தைக் கணிப்பது. எங்கள் மென்பொருளில் வெப்பத்தை வெறும் எண்ணாகக் கொடுக்க முடியாது. துண்டு போட்டுப் பெயர் வைக்க வேண்டும். குறைவு, நடுத்தரம், அபாயம். 'அபாயம்' 48இல் தொடங்குகிறது. 48! எந்த மடையன் வெட்டியது—

மே 21
நான்தான்.

பிப்ரவரியில் 'சம அகலம்' என்ற பொத்தானை அழுத்தியிருக்கிறேன். 28 முதல் 58 வரை எடுத்து மூன்றாக வெட்டிவிட்டது. அந்த 58 ஒரு பழுதான சென்சாரின் ஒற்றை அளவு. அதை நீக்கினால் உச்சம் 46. 'அபாயம்' 40இலேயே தொடங்கும். ஏன் பார்க்கவில்லை? வெள்ளிக்கிழமை சாயங்காலம். மெட்ரோ பிடிக்கும் அவசரம்.

மே 22
மேலாளர் ஷ்ரவணிடம் சொன்னேன்.

"அரே, நாப்பதுன்னா டெய்லி மத்யானம் யார்டு பந்த். க்ளையன்ட் ஒத்துப்பானா? ஜூலைல மாத்திக்கலாம்."

"மழை வந்தப்புறமா சார்?"

"கூல், அபிராமி."

பதினெட்டு டிகிரி அறையில் உட்கார்ந்துகொண்டு கூல் என்கிறான்.

மே 24
கீழே போய் என் தவறைச் சொன்னேன். அக்கா முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அண்ணன் மட்டும் கேட்டார்: "சரி தங்கச்சி, மாத்திட்டியா?"

இல்லை.

"திங்கக்கிழமை டூட்டிக்குப் போறேன்."

மே 25
வீட்டிலிருந்தே மாடலுக்குள் போய் 'அபாயம்' எல்லையை 40 ஆக்கினேன். யாரையும் கேட்கவில்லை.

மே 26
காலையில் அண்ணன் துண்டை நனைத்துக் கழுத்தில் போட்டுக்கொண்டு படியிறங்கினார்.

பதினொன்றரைக்கு என் லாகின் முடக்கப்பட்டது. ஒரு மணிக்கு 43 டிகிரி. அண்ணனுக்குப் போன் செய்தேன். "நடுத்தரம்னுதான் காட்டுது. சூப்பர்வைசர் ஜல்தி ஜல்திங்கான், வைக்கிறேன்."

1.10. பழைய 48க்கே திருப்பிவிட்டிருக்கிறார்கள். ஷ்ரவணுக்கு அனுப்பினேன்: "எல்லையைத் திரும்பவும் 40 ஆக்குங்கள். இப்போதே." படித்துவிட்டார்.

2.00. "ஷ்ரவண், மாற்றுங்கள்."

3.15. 44 டிகிரி. அண்ணன் போனை எடுக்கவில்லை.

"மாத்துடா."