சாமந்திக்குள் முகம்

நான்ஸி, அக்டோபர் 1926

அன்பு மகளே,

படத்தை வாங்கிப்போக வியாழக்கிழமை படவியாபாரி வருவார் என்று எழுதியிருந்தாய். அவருக்காக உன் அம்மாவை வரைந்த ஓவியத்தை இறக்கித் தூசி துடைத்தேன். பிறகு திரும்ப மாட்டிவிட்டேன். செய்தது சரிதானா என்று தெரியவில்லை.

"அது தொங்குற வீட்டுக்கு வர மாட்டேன்பா. அம்மா அழறதை என்னால பார்க்க முடியல" என்று அவள் அடக்கத்தன்று சொன்னாய். கறுப்பு உடையில், வெள்ளைச் சாமந்திக்குள் முகம் புதைத்துக் குனிந்திருப்பவளைப் பார்த்துப் பாரீஸ் பத்திரிகைகளும் அழுகை என்றுதான் எழுதின.

படத்தில் இருப்பது, அவள் வீட்டுக்கு நான் முதன்முறை விருந்துக்குப் போன நாள். அதிக நாள் வாடாத பூ எது என்று தாவரவியல் நூலில் தேடிச் சாமந்தி வாங்கிப் போனேன். இங்கே கல்லறைக்கு மட்டுமே அதை வாங்குவார்கள் என்பது எனக்கு உறைக்கவில்லை. கதவைத் திறந்த அவளுடைய அம்மா, "இப்ப யாரு தம்பி செத்தது?" என்றார்.

அண்மையில் இறந்த தன் பெரியப்பாவுக்காகக் கறுப்பு உடுத்தியிருந்த உன் அம்மா கொத்தை வாங்கிக்கொண்டாள். "நான்தாம்மா. உயிரோட இருக்கும்போதே கொண்டுவந்துட்டாரு. என்ன முன்யோசனை பாரு." சிரிப்பை அடக்க முடியாமல் பூவுக்குள் முகத்தைப் புதைத்தாள். அந்தக் குனிவைத்தான் உன் மாமா அன்செல்ம் வரைந்து, 'துக்கம்' என்று பெயர் வைத்தார். "யார்கிட்டயும் சொல்லிடாதீங்க, அண்ணன் பிழைப்பு போயிடும்" என்பாள் என்னிடம்.

படத்தில் தோளைப் பார். சிரிக்கும்போது அவளுக்கு இடது தோள் மட்டும் உயருமே, அப்படியே இருக்கிறது.

கல்லறைத் திருநாளுக்கு இரண்டு கொத்து வாங்குவேன். ஒன்று அவளுக்கு. இன்னொன்றைச் சாப்பாட்டு மேசையில் வைப்பேன். யார் செத்தது என்று கேட்க நீ வர வேண்டும்.

தயக்கத்துடன்,
உன் அப்பா